மூன்றாம் ஓலையில் ஒரு வரி

சௌமிய வருஷம் புரட்டாசி மாதம் இருபதாம் தேதி, தோணிரேவு.

பழவேற்காட்டு ஏரிக்கும் அதில் நீந்தும் சகல மீன்களுக்கும் அதிபதியும், ஒன்றரைத் தோணிக்குச் சொந்தக்காரனும் (மீதி அரைத் தோணியை நண்டு தின்றுவிட்டது) ஆகிய உன் அண்ணன் சின்னதம்பி, பத்தாவியா பட்டணத்தில் ஒல்லாந்து துரை வீட்டில் பிள்ளை வளர்க்கும் தங்கச்சி வேலம்மாவுக்கு எழுதுவது. இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். உனக்கு இதைப் படித்துக் காட்டுகிற புண்ணியவான் யாராக இருந்தாலும் அவருக்கும் என் கும்பிடு. ஐயா, அவசரப்படாமல் படியுங்கள். நடுவில் சிரித்தால் குற்றமில்லை. ஓலையை மட்டும் கீழே போட்டுவிடாதீர்கள்.

முதலில் ஒரு சத்தியம் செய்கிறேன். இதில் நான் சொல்லப் போவதை எவரும் நம்பப் போவதில்லை. நீ நம்பமாட்டாய், படிக்கிறவர் நம்பமாட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிற செங்கல்வராயன் இப்போதே நம்பவில்லை. எழுத்தாணியைக் காதில் செருகிக்கொண்டு, "இன்னா சின்னதம்பி, ஓலை மரத்துல காய்க்குதுன்றதுக்காக நீ உடற புளுகையெல்லாம் கீறிக்கினு இருக்கணுமா நானு?"ன்னு கேட்கிறான். அவனுக்கு எழுத்து தெரியும், எனக்குக் கதை தெரியும். கடவுள் இரண்டையும் ஒருவனிடமே கொடுத்திருந்தால் ஊர் தாங்காது.

ஊர்ச் செய்தி. ஆவணியில் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஏரி எவ்வளவு வற்றியது என்றால், மடவை மீன்கள் வரிசையாகக் கரையேறி வந்து, உன் அண்ணி முனியம்மாவிடம் குடத்தில் கொஞ்சம் இடம் கேட்டன. அவள் கொடுக்கவில்லை. அவள் குணம் உனக்குத் தெரியுமே. அவள் இப்போது என் பின்னால் நின்றுகொண்டு, "மீன் வந்து கேட்டுச்சா? உன் வாய்க்குப் பூட்டு ஒண்ணு ஒல்லாந்துக்காரன் கோட்டைல செய்யச் சொல்லணும்யா"ன்னு சொல்கிறாள். அதையும் எழுதச் சொன்னேன். மொத்தத்தில் இந்த வருஷம் வலை இலேசாகத்தான் வந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி வேண்டாம்.

இனி இருசம்மாள்.

உன் மகளுக்குப் பத்து வயசு முடிந்துவிட்டது. பனைமர உயரம் வளர்ந்திருக்கிறாள் என்று எழுதச் சொன்னேன், செங்கல்வராயன் மறுத்துவிட்டான். என் நெஞ்சுவரை என்று வைத்துக்கொள். மூக்கு உன் மூக்கு. கோபம் வந்தால் அவள் அப்பனைப் போலக் கீழ் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். கடல் எடுத்துக்கொண்ட மனிதன் உதட்டை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

போன ஓலையில் ஒன்று எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? அவள் "அம்மா" என்று கூப்பிட்டாள், ஏரியில் நின்ற நாரைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன என்று. நாரைகள் பார்க்கவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை. வேலம்மா, அவளுக்குக் காது கேட்காது. கொஞ்சங்கூடக் கேட்காது. தாமதமாகப் பேசும் பிள்ளை என்று நாங்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லித்தானே உன்னைக் கப்பலேற்றினோம். கோட்டையில் பீரங்கி வெடித்த ஒரு நாள் நானும் அவளும் துறையில் நின்றோம். பூவரச மரத்துக் காக்கைகள் அத்தனையும் ஒன்றாகப் பறந்தன. அவள் காக்கைகளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஏன் பறக்கின்றன என்று கையால் கேட்டாள். அன்றைக்கு எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. உனக்கு எழுத மட்டும் மனசு வரவில்லை. நாரையை எழுதினேன்.

ஆனால் அவள் பேச்சில்லாதவள் என்று நினைத்துவிடாதே. எதிர்காற்றில் தோணிக்குத் தோணி கத்தினால் கேட்காது. மீன் திரும்பியது, வலையை இழு, இருட்டு வருகிறது, கரைக்குப் போ என்று எல்லாவற்றையும் நம்மவர்கள் கையால்தானே சொல்கிறோம். அந்தக் கைப்பேச்சை எடுத்துக்கொண்டு அவள் ஒரு ராஜ்ஜியமே கட்டிவிட்டாள். மீசையை முறுக்கினால் நான். இடுப்பில் கைவைத்தால் முனியம்மா. இரண்டையும் சேர்த்து வேகமாகச் செய்தால் வீட்டில் சண்டை என்று அர்த்தம். கரையில் பாதிப் பேர் எங்கள் வீட்டு நடப்பை அவள் கையிலிருந்துதான் தெரிந்துகொள்கிறார்கள்.

இவளைப் பள்ளியில் விட வேண்டும் என்று எனக்கு ஒரு பேராசை வந்தது. ஏன் என்று கேட்காதே. கை இவ்வளவு பேசுகிறதே, எழுத்தும் கை வேலைதானே என்று தோன்றியது. முதலில் திருப்பாலைவனம் போனேன். அங்கே கோயிலுக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறவர், "வாயால் அரிச்சுவடி சொன்ன பிறகுதான் மணலில் விரல் வைக்கலாம், வாய் இல்லாத பிள்ளைக்கு மணல் எதற்கு?" என்றார். அதைச் சொல்லும்போதும் எங்களைத் தெருவிலேயே நிற்க வைத்துத்தான் சொன்னார். வெயில் அன்றைக்கு எப்படி என்றால், என் நிழலே சூடு தாங்காமல் என் காலுக்கடியில் ஒளிந்துகொண்டது.

அடுத்தது கோட்டைக்கு வெளியே ஒல்லாந்துக் கும்பினி நடத்தும் பள்ளி. அங்கே தேவதாஸ் வாத்தியார் இருக்கிறார். நம் ஆள், கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தவர். நெசவாளர் பிள்ளை, செம்படவர் பிள்ளை எல்லாம் வரலாம், மத்தியானம் கஞ்சி உண்டு. ஆனால் அங்கேயும் ஜெபத்தை வாய்விட்டு ஒப்பிக்க வேண்டும். ஊமைப் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது என்று சட்டமாம். நான் சட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறவனா? என் வாழ்க்கையிலேயே பெரிய புளுகு ஒன்றை அவிழ்த்தேன். "ஐயா, இவ ஊமை இல்ல. இவ அம்மா பத்தாவியாலருந்து திரும்பி வர்ற வரைக்கும் வாயே தொறக்கறதில்லன்னு சபதம் பண்ணிக்கீறா"ன்னு சொன்னேன். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை உள்ளே உட்கார வைத்தார். நான் தெரு முழுவதும் ராஜா மாதிரி நடந்து வந்தேன்.

எழுத்து அவளுக்கு எப்படி வந்தது என்கிறாய்! பள்ளியில் ஒரு சொல்லைக் கீறிக்கொண்டு வருவாள். இது என்ன என்று என்னைக் கேட்பாள். எனக்கு ஒன்றும் தெரியாது. ஓலையைத் தூக்கிக்கொண்டு செங்கல்வராயனிடம் ஓடுவேன். அவன் தோணி என்பான். நான் திரும்ப ஓடிவந்து தோணியைத் தொட்டுக் காட்டுவேன். உடனே கரியை எடுத்துத் தோணி மேல் அந்தச் சொல்லை எழுதிவிடுவாள். இப்படியே பானை மேல் பானை, கதவு மேல் கதவு. ஆட்டின் மேல் ஆடு என்று எழுதினாள். அன்று முதல் அந்த ஆட்டுக்குத் தலைக்கனம் பிடித்து, எழுத்து இல்லாத ஆடுகளோடு சேர்வதே இல்லை. என் முதுகிலும் மாமன் என்று எழுதிவிட்டாள். தெரியாமல் நான் கோட்டைச் சந்தைவரை போய்வந்தேன்.

ஒரு நாள் கொண்டுவந்த சொல் அனாதை. பள்ளியில் கோட்டைக்குள் இருக்கும் விடுதிப் பிள்ளைகள் தனி வரிசையில் உட்காருவார்கள். அந்த வரிசைக்கு மேலே பலகையில் அந்தச் சொல் இருக்கிறது. எதைத் தொட்டுக் காட்டுவது? தோணி போவது போல் கையை நீட்டினேன். பிறகு உள்ளங்கையைத் துடைத்துக் காட்டினேன். போன தோணி, திரும்பாது. புரிந்துகொண்டாள். உடனே தன் நெஞ்சைத் தொட்டு, நான்? என்று கேட்டாள். அப்பனுக்கு உள்ளங்கையைத் துடைத்தேன். அம்மாவுக்குத் தோணியை அனுப்பிவிட்டு, கையைக் கரைப்பக்கம் திருப்பிக் காட்டினேன். வரும் என்றேன். அதை நான் புளுகாகச் சொல்லவில்லை. மூன்று வருஷம் என்று சொல்லிப் போனாய், ஐந்தாகிறது. இரண்டு கப்பல் காலமாக உன் சேதி வரவில்லை. அவ்வளவுதான். கப்பல்காரர்கள் ஓலையைத் தொலைத்திருப்பார்கள்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் பள்ளியைப் பார்வையிடச் சபைப் பெரியவர்கள் வருவதாக இருந்தது. வாத்தியாருக்குப் பயம். எல்லாப் பிள்ளைகளும் ஒப்பித்தார்கள், இருசம்மாளும் ஒப்பிக்க வேண்டும் என்றார். இவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். "சபதம் போதும், வாயைத் திற" என்று மூன்று நாள் சொல்லிப் பார்த்தாராம். நாலாம் நாள் பிரம்பை எடுத்தார். வேறு கதையாக இருந்தால் பிரம்பு பத்து முழம் என்று சொல்லியிருப்பேன். ஒரு முழம்தான். உள்ளங்கையில் அடித்தார், இரண்டு கையிலும். பேசத் தெரிந்த பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறது என்று நினைத்து அடித்தார். அப்படி நினைக்க வைத்தவன் நான்.

கை இரண்டும் வீங்கி, விரல் மடங்கவில்லை. முனியம்மா மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டினாள். கட்டு அவிழ ஒன்பது நாள் ஆயிற்று. வேலம்மா, உன் மகள் ஊமையாக இருந்தது அந்த ஒன்பது நாள்தான்.

நான் வாத்தியாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர், "இத மொத நாளே சொல்லியிருந்தா நான் அந்தக் கையத் தொட்டிருப்பேனாய்யா?" என்றார்.

ஊமைப் பிள்ளை சேர்ந்திருப்பது வெளியே வந்துவிட்டதால் சபை கூடியது. நான் எழுந்து நின்றபோது கோட்டைச் சுவர் ஓர் அடி பின்வாங்கியது. "பெரியவங்களே, இந்தப் பொண்ணு எழுதறதோட நிக்கல. எழுதனதெல்லாம் படிப்பா. படிச்சதெல்லாம் அவளுக்குப் புரியும். மீன் மனசுல இன்னா கீதுன்னு கேட்டாகூட எழுதிக் காட்டுவா"ன்னு முழங்கினேன். சிரித்தார்கள். ஒரு பெரியவர் வேதத்திலிருந்து ஒரு வரி எழுதிக் கொடுத்தார். முத்துப்போல் பார்த்து எழுதினாள். இதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அது கிருபை என்கிற சொல்லாம். கிருபைக்கு ஏரியில் கை ஏது? வாத்தியார் வருத்தத்தோடுதான் சொன்னார்: "நண்டு மணல்ல கோடு போடுது, கோலம் மாதிரிதான் இருக்குது, நண்டுக்குக் கோலம் தெரியுமா? இவ வரையறா, படிக்கல. இவளுக்குப் புரியுதுன்னு மட்டும் காட்டுங்க, வாயால ஒப்பிக்க வேணாம்னு நானே சபைல பேசறேன்."

சபை சொன்ன முடிவு இது. வாய்விட்டு ஒப்பிக்க முடியாத பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை. வேண்டுமானால் கோட்டைக்குள் விடுதியில் சேர்க்கலாம். அங்கே ஓர் ஒல்லாந்து அம்மாள் இருக்கிறாள், பொறுமைசாலி. பேசாத பெண் இன்னொருத்தியும் இருக்கிறாள், இரண்டு பேரும் ஒருநாள் வேலியோரம் கையால் பேசிக்கொண்டதை நானே பார்த்தேன். வேளாவேளைக்குச் சோறு, தையல் வேலை, எழுத்து. நல்ல இடம்தான், நான் பொய் சொல்லவில்லை. ஆனால் விடுதி அனாதைகளுக்கு மட்டும். பேரை அனாதைகள் ஏட்டில் எழுத வேண்டும். தாய் இல்லை என்று மாமன் சாட்சி சொல்ல வேண்டும். எழுதிவிட்டால் அதன் பிறகு அவள் கும்பினியின் பிள்ளை. எந்த ஊருக்கு, எந்தத் துரை வீட்டுக்குக் கப்பலேற்றினாலும் ஏன் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

இல்லாவிட்டால் வீட்டில் இருக்கலாம். முனியம்மாவோடு கருவாடு புரட்டலாம். எனக்கும் வயசாகிறது, முனியம்மாவுக்கு இருமல். எங்களுக்குப் பிறகு அவள் கையைப் படிக்க யார் இருக்கிறார்கள்? அடுத்த வருஷம் கப்பல்கள் வரும்வரை சபையில் தவணை வாங்கியிருக்கிறேன். அதனால் பெற்றவளாகிய உன்னைக் கேட்கிறேன், நீ சொல்கிறபடி செய்கிறேன்:



நம் ஊர்த் தெய்வம் இருசம்மன் உனக்குத் துணையிருக்கட்டும். அங்கே மழையில் நனையாதே. துரை வீட்டுப் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

நாலாம் ஓலை.

தங்கச்சி, இந்த ஓலையில் எழுத்து மாறியிருக்கும். படிக்கிற ஐயா கவனித்திருப்பார். இது செங்கல்வராயன் கையெழுத்து, கோழி கிளறியது போலத்தான் இருக்கும். முன்னால் உள்ள மூன்று ஓலையும் அவன் கையெழுத்தல்ல. அவன் பழைய ஓலையில் எழுதி வைத்ததைப் பார்த்துப் புது ஓலையில் கீறியது உன் மகள். நாரைப் பொய்க்குப் பரிகாரமாக அவள் கையெழுத்தையே உனக்கு அனுப்பலாம் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள்.

எழுதி முடித்ததைச் செங்கல்வராயன் சரிபார்த்தான். மூன்றாம் ஓலையில் ஒரு வரி வெறுமையாக இருந்தது. "கைவலி போல, உட்டுட்டா"ன்னு சொல்லி, பழைய ஓலையில் அந்த வரியை விரலால் காட்டி, எழுது என்றான். அவள் எழுத்தாணியைக் கீழே வைத்தாள். கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். என்ன வரி என்று நான் கேட்டேன். அவன் படித்தான்: இருசம்மாளை அனாதை என்று கோட்டை ஏட்டில் எழுதட்டுமா?

செங்கல்வராயன் சந்தேகப் பிராணி, விடவில்லை. இன்னொரு ஓலையில் ஐந்து வரி எழுதினான். தோணி கரைக்கு வந்தது, ஆடு வீட்டில் இருக்கிறது என்கிற மாதிரி. நடுவில் இருசம்மாள் அனாதை என்று ஒரு வரி. அவள் நாலு வரியை எழுதினாள், அதை மட்டும் விட்டாள். பிறகு அவன் வேறோர் ஓலையில் இருசம்மாள் அனாதை இல்லை என்று எழுதி நீட்டினான். அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழுதினாள். இல்லை என்கிற சொல்லுக்கு வந்தபோது அழுத்திய அழுத்தில் எழுத்தாணி ஓலையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போயிற்று. முனியம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "யோவ், இந்தப் புள்ள முன்னாலயா அத எழுதி வச்ச? உனக்கு அறிவு கீதா?"ன்னு என்னைக் கேட்டாள்.

அறிவு இல்லை. ஏன் அந்த வரியை அவள் கையில் கொடுத்தேன் தெரியுமா வேலம்மா? அவளுக்குப் புரியாது என்று நினைத்துத்தான். ஊரெல்லாம் அவளைப் பற்றி முழங்கியவன், உள்ளுக்குள் வாத்தியாரின் நண்டைத்தான் நம்பியிருக்கிறேன்.

துளைத்த ஓலையை நாளைக் காலையில் வாத்தியாரிடம் கொண்டுபோகிறேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று நினைக்கிறேன். சபை என்ன சொல்லுமோ தெரியாது. எழுதாத ஒரு வரியைச் சாட்சிக்குக் கொண்டுபோகிறவனை, அதுவும் சின்னதம்பியை, யார் நம்புவார்கள்? ஆனால் அனாதைகள் ஏட்டுக்கு நான் சாட்சி சொல்லமாட்டேன். உன்னிடம் கேட்க நினைத்த கேள்விக்கு இங்கேயே பதில் வந்துவிட்டது. வெற்று வரி உனக்கு வருகிறது. ஐயா, அந்த இடத்தை என் தங்கச்சிக்குக் காட்டி, அவள் விரலைப் பிடித்து அங்கே வையுங்கள். அவளுக்கு எழுத்து தெரியாது, அந்த இடத்தைப் படிக்க எழுத்து வேண்டாம்.

எது பொய், எது மெய் என்று சொல்லி முடிக்கிறேன். நாரை பொய். குடத்தில் இடம் கேட்ட மடவை பொய், கோட்டைச் சுவர் பின்வாங்கவில்லை, ஆட்டுக்குத் தலைக்கனம் முன்பே உண்டு. சபையில் நான் முழங்கியதில் ஒரு சின்னத் துண்டு மட்டும், படித்ததெல்லாம் அவளுக்குப் புரியும் என்றேனே, அது உண்மையாக இருந்தது. சொன்னபோது எனக்கே தெரியாது.

இன்னொன்று பாக்கியிருக்கிறது. அவளுக்கு நான் கையைக் கரைப்பக்கம் திருப்பிக் காட்டியிருக்கிறேன். இன்று காலையில்கூடத் துறையில் நின்று அதையே செய்து காட்டி, சரிதானே என்று கேட்டாள். சரி என்றேன். அதை மட்டும் நீ வந்து உண்மையாக்கிவிடு, வேலம்மா.

ஏரி, மீன், தோணி என்கிற பட்டங்களையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு, வெறும் அண்ணன்,
சின்னதம்பி.